புதிய விண்டோசும் உறைந்து நிற்கும் கணினியும்

‘உறைதல்’ என்ற வினைக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. ஓரிடத்தில் தங்கியிருப்பது ஒன்று; உறைவிடம், உறையுள் எல்லாம் அதிலிருந்து வந்த சொற்கள். பால் தயிராவது, இரத்தம் கட்டியாவது மற்றொன்று. கணினி அசையாமல் நின்றுபோவதை ‘உறைந்துவிட்டது’ என்று எழுதுகிறவர்கள் இரண்டாவது பொருளை மனத்தில் வைத்தே எழுதுகிறார்கள். எனக்கு முதல் பொருள்தான் பொருத்தமாகப் படுகிறது. கணினி கட்டிதட்டிப் போவதில்லை. யாரிடமோ ஒன்றைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அந்த இடத்திலேயே தங்கிவிடுகிறது. கடன் கேட்கப் போனவன் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பதைப் போல. யாரிடம் கேட்டது, பதில் ஏன் வரவில்லை என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மற்றபடி பேச்சில் நாம் எல்லோருமே ‘ஹேங் ஆயிடுச்சு’ என்றுதான் சொல்கிறோம். இங்கே பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ‘ஹ்யாங் ஆகிதெ’ என்கிறார்கள்.

இந்த மலரில் இதை எழுதக் காரணம் இருக்கிறது. 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் இன்னும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதாக அறிவித்தார்கள். நம் அன்பர்களில் கடை வைத்திருப்பவர்களும் வரிக்கணக்கு எழுதுபவர்களும் பெரும்பாலும் அந்த ஒட்டுப்போட்ட ஏற்பாட்டை நம்பாமல் விண்டோஸ் 11-க்கு மாறினார்கள். மாறிய சில நாளிலேயே, ‘ஐயா, மிஷின் அடிக்கடி நின்னு போகுது, இந்தப் புது விண்டோசே சரியில்ல’ என்று என்னிடம் வரத் தொடங்கினார்கள். நான் கணினி படித்தவன் அல்லன், பாத்திர வியாபாரி. பழைய ஏட்டுப் பிரதிகளைத் தட்டச்சு செய்து வைக்கவேண்டும் என்ற ஆசையில் 1990-களின் கடைசியில் கணினியைத் தொட்டவன். ஒவ்வொரு தடவையும் ஆளைக் கூப்பிட்டுக் காசு கொடுக்க மனம் வராததால் மூடியைத் திறந்து பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

முதலில் ஒரு தருக்கச் செய்தி. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நமக்குத் தெரியும். வடமொழித் தருக்க நூலார் அதைக் ‘காகதாலீயம்’ என்று ஒரு நியாயமாகவே பெயரிட்டு வைத்தார்கள். விண்டோஸ் மாறிற்று, பிறகு கணினி உறைந்தது. ஆகவே விண்டோசால்தான் உறைந்தது என்பது அந்த வகை முடிவு. சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் பழம் ஏற்கெனவே பழுத்துக் காம்பு விட்டிருந்ததா என்று பார்க்காமல் காக்கையை விரட்டிப் பயன் இல்லை.

மாறிய முதல் இரண்டு நாள் மெதுவாக இருப்பதை ஒரு நோயாகவே எண்ண வேண்டாம். புதிய இயங்குதளம் நம் கோப்புகளையெல்லாம் தேடலுக்காக மறுபடி அட்டவணை போடுகிறது, திருத்தங்களை இறக்குகிறது, இயக்கிகளை, அதாவது ட்ரைவர்களை மாற்றுகிறது. ஓர் இரவு முழுக்க ஓடவிட்டு, காலையில் ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். ‘ஷட்டவுன் செய்து திரும்பப் போட்டேனே’ என்பார்கள். அது இது ஆகாது. வேகமாகத் தொடங்குவதற்காக விண்டோஸ் இப்போது முழுதாக அணைவதில்லை. தன் கருப் பகுதியை வட்டில் எழுதிவைத்துவிட்டுத் தூங்குகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

இரண்டு நாளுக்குப் பிறகும் உறைகிறதா? எதையும் தொடுவதற்கு முன்னால், வேண்டிய கோப்புகளை வெளி வட்டு ஒன்றில் நகல் எடுத்துவிடுங்கள். கணக்குப் புத்தகம், படங்கள், கடிதங்கள், எழுதிய கட்டுரைகள் எல்லாம். இதைச் சொன்னால் ‘பிரச்சினையைச் சரிபண்ணிட்டு எடுத்துக்கலாம்’ என்கிறார்கள். வீடு ஒழுகும்போது முதலில் அரிசி மூட்டையைத்தான் நகர்த்துவோம், ஓட்டை அடைக்க ஏறுவது அப்புறம். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பது கீழே தெரியும்.

பிறகு, உறையும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலோர் இதைச் செய்வதே இல்லை. உறைந்ததும் பட்டனை அழுத்தி அணைத்துவிடுகிறார்கள். நோயாளி பேசவரும்போது வாயைப் பொத்துவது போன்றது அது. விசைப்பலகையில் கேப்ஸ் லாக் விளக்கு எரிந்து அணைகிறதா என்று அழுத்திப் பார்க்க வேண்டும். எரிந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. சுட்டி நகர்கிறதா? கன்ட்ரோல், ஆல்ட், டிலீட் மூன்றையும் அழுத்தினால் அந்த நீலத் திரை வருகிறதா? ஒரே ஒரு நிரல் மட்டும் வெளுத்துப்போய் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று நிற்கிறதென்றால் குற்றம் அந்த நிரலுடையது. ஐந்து விநாடி ஒரு நிரல் காதில் வாங்காமல் இருந்தால் விண்டோஸ் அப்படி எழுதிவிடும். எல்லாமே நின்று, கேப்ஸ் லாக்கும் செத்துவிட்டால் கோளாறு அடியில், இயக்கியிலோ வன்பொருளிலோ இருக்கிறது. ஒரு நிமிடம் நின்று, பிறகு எதுவும் நடக்காததுபோல் ஓடுகிறதென்றால் அது மூன்றாம் வகை. அந்த வகைதான் என் கடையில் வந்தது.

அது 2019-இல் வாங்கிய மேசைக் கணினி. எட்டாம் தலைமுறை இன்டெல், எட்டு ஜிபி ரேம், சுழலும் வகையைச் சேர்ந்த ஒரு டிபி வட்டு. விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகள் எல்லாம் அதற்கு இருந்தன. தீபாவளி வியாபாரம் முடிந்ததும் அக்டோபர் 30-ஆம் தேதி மாற்றினோம். மூன்றாம் நாளிலிருந்து உறையத் தொடங்கிற்று. நவம்பர் 8-ஆம் தேதி சனிக்கிழமை, ஒரு பில் போடுவதற்குள் நான்கு தடவை நின்றது. மாதாமாதம் தாக்கல் செய்பவர்கள் முந்தின மாத விற்பனை விவரத்தை 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் ஏற்ற வேண்டும் என்பது வியாபாரிகளுக்குத் தெரியும். தீபாவளி மாதத்து பில்கள் முழுக்க அந்தப் பெட்டிக்குள். என் மகன், ‘அப்பா, பத்து நாளைக்குள்ள பழைய விண்டோசுக்குத் திரும்பலாம், நாளையோட கெடு முடியுது, இப்பவே அமுக்கிடலாம்’ என்றான். அவன் சொன்னது சரியான செய்திதான்; செட்டிங்சில் சிஸ்டம், ரிகவரி என்று போனால் ‘கோ பேக்’ என்ற அந்த வாய்ப்பு பத்து நாளுக்கு இருக்கும். வந்த டெக்னீஷியன் தம்பியோ, ‘ஃபார்மேட் பண்ணிட்டா போதும் சார், ரெண்டு மணி நேரம்’ என்றார்.

இரண்டுக்கும் நான் இசையவில்லை. உறையும்போது சுட்டி நகர்ந்தது, கேப்ஸ் லாக் எரிந்தது. பெட்டியின் முன்பக்கத்து வட்டு விளக்கு மட்டும் அணையாமல் நிலையாக எரிந்துகொண்டே இருந்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்துவைத்துக் காத்திருந்தேன். உறைந்த நேரத்தில் வட்டு நூறு சதவீதம் வேலை செய்வதாகக் காட்டியது. ஆனால் படித்தது எழுதியது இரண்டும் ஏறக்குறைய சுழியம். ஆள் மூச்சு முட்ட உழைக்கிறான், மூட்டை ஒன்றும் நகரவில்லை என்றால் என்ன பொருள்? ஒரே மூட்டையைத் திரும்பத் திரும்பத் தூக்கப் பார்க்கிறான் என்று பொருள்.

விண்டோஸ் தனக்கென ஒரு பேரேடு வைத்திருக்கிறது. ஈவென்ட் வியூவர் என்று பெயர். அதில் சிஸ்டம் என்ற பகுதியில் உறைந்த நேரத்துக்கு நேரே பார்த்தால் ‘டிஸ்க்’ என்ற தலைப்பில் 153 என்ற எண் வரிசையாக நின்றது. வட்டில் ஓரிடத்தைப் படிக்கக் கேட்டும் பதில் வராமல் மறுபடி கேட்க வேண்டியிருந்தது என்று அதற்குப் பொருள். இடையிடையே 7 என்ற எண்ணும் இருந்தது. வட்டில் கெட்டுப்போன பகுதி இருக்கிறது என்பது அது. இதே பேரேட்டில் 41 என்ற எண்ணைச் சிவப்பில் பார்த்துவிட்டுப் பலர் பயந்துபோய்ப் பவர் சப்ளையை மாற்றிவிடுகிறார்கள். முறையாக அணையாமல் கணினி மறுபடி தொடங்கியது என்பதற்கு மேல் 41 எதையும் சொல்லாது. நாம்தானே பட்டனை அழுத்தி அணைத்தோம்!

இனி பனம்பழத்துக்கு வருகிறேன். விண்டோஸ் மாறும்போது பழையதை ‘விண்டோஸ் டாட் ஓல்டு’ என்ற அடைவில் சில நாள் அப்படியே வைத்திருக்கும். பழைய பேரேடும் அதற்குள் இருக்கும். சிஸ்டம்32, வின்இவிடி, லாக்ஸ் என்று உள்ளே போனால் கிடைக்கும். ஈவென்ட் வியூவரிலேயே சேமித்த பதிவைத் திறக்கும் வசதி உண்டு. திறந்தேன். ஆகஸ்ட் மாதத்திலேயே 153 இரண்டு முறை பதிவாகியிருந்தது, செப்டம்பரில் ஐந்து முறை. விண்டோஸ் மாறுவதற்கு இரண்டு மாதம் முன்னால்! வட்டு அப்போதே பழுத்துவிட்டது. இயங்குதள மாற்றம் என்பது பல ஜிபி எழுத்து வேலை. புதிய விண்டோஸ் வட்டில் அதுவரை யாரும் மிதிக்காத பகுதிகளில் போய் உட்காருகிறது. கெட்ட பகுதியில் நம் பழைய புகைப்படம் இருந்தவரை யாரும் கவனிக்கவில்லை. இப்போது அங்கே விண்டோசே குடியிருக்கிறது, நாளுக்கு நூறு தடவை அதைப் படித்தாக வேண்டும்.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஜப்பானியர் ஒருவர் எழுதிய இலவச நிரல் இருக்கிறது. வட்டு தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்திருக்கும் உடல்நிலைக் குறிப்பை அது படித்துக்காட்டும். 05, சி5 என்ற இரண்டு வரிகளில் மூல மதிப்பு சுழியமாக இருக்க வேண்டும். என் வட்டில் இரண்டிலும் எண் ஏறியிருந்தது. வட்டு செய்த கம்பெனியின் பெயர் இங்கே தேவையில்லை. தினமும் பத்து மணி நேரம் ஓடிய ஆறு வருஷ வட்டு, அது தன் கடமையைச் செய்துவிட்டது.

இந்த நிலையில் பழைய விண்டோசுக்குத் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மறுபடி பல ஜிபி எழுத்து வேலை, அதே சாகும் வட்டின்மேல். ஃபார்மேட் செய்திருந்தால் பில்களும் போயிருக்கும், உறைவும் போயிருக்காது. கணினி உறைந்தால் எஸ்எஃப்சி ஓட்டு, செக்டிஸ்க் ஓட்டு என்று ஒரு பட்டியல் எல்லோரும் சொல்வதுண்டு. விண்டோசின் சொந்தக் கோப்புகள் பழுதாகியிருந்தால் எஸ்எஃப்சி நல்ல மருந்து. ஆனால் இரண்டுமே வட்டைச் சல்லடையாகச் சலிக்கும் வேலைகள். பேரேட்டில் 7-உம் 153-உம் கண்ட வட்டில், நகல் எடுக்குமுன் இவற்றை ஓட்டுவது இழுத்துக்கொண்டிருப்பவரை மலையேறச் சொல்வதாகும். நாங்கள் முதலில் கணக்குக் கோப்புகளை வெளியே எடுத்தோம். உறைந்து உறைந்து மூன்று மணி நேரம் பிடித்தது. பிறகு எஸ்.பி. ரோட்டில் ஓர் எஸ்எஸ்டி வாங்கி, அதில் விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவினோம். உரிமம் மதர்போர்டோடு பதிவாகியிருப்பதால் தானே செயல்பட்டது. 10-ஆம் தேதி மாலை விவரம் ஏற்றியாயிற்று. அதே விண்டோஸ் 11 அன்றிலிருந்து ஒரு தடவைகூட உறையவில்லை.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. நம் அன்பர் ஒருவர் வீட்டில் மடிக்கணினி. மாறிய நாள் முதல் முழுதாகச் செத்து நிற்கும், கேப்ஸ் லாக்கும் எரியாது. பேரேட்டில் வட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. அங்கே வேறு வழி. தருக்கத்தில் அந்நுவயம், வெதிரேகம் என்று இரண்டு சொல்வார்கள். இது இருக்கும்போது அது இருக்கிறது, இது இல்லாதபோது அது இல்லை என்று இரண்டு பக்கமும் காட்டினால்தான் காரணம் உறுதி. கணினியில் வெதிரேகத்துக்கு வழி ‘சேஃப் மோட்’. ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட்டைச் சொடுக்கினால் ஒரு நீலப் பட்டியல் வரும். ட்ரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் என்று போய், மறுபடி தொடங்கியதும் 4-ஐ அழுத்த வேண்டும். இதற்கு முன் ஓர் எச்சரிக்கை: புதிய இயந்திரங்களில் வட்டு பூட்டப்பட்டிருக்கும். பிட்லாக்கர் என்ற அந்தப் பூட்டு 48 இலக்கச் சாவியைக் கேட்டு வழிமறிக்கக்கூடும். சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்து, காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சேஃப் மோடில் விண்டோஸ் தன் அடிப்படைப் பரிவாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு, வெளியிலிருந்து வந்தவர்களை வாசலிலேயே நிறுத்திவிடும். அங்கும் உறைந்தால் வன்பொருளைப் பாருங்கள். ரேமைச் சோதிக்க விண்டோசிலேயே மெமரி டயக்னாஸ்டிக் இருக்கிறது. அன்பர் வீட்டு மடிக்கணினி சேஃப் மோடில் ஒரு மாலை முழுக்க உறையாமல் ஓடிற்று. ஆகவே குற்றவாளி வெளியே நின்றவர்களில் ஒருவர். எம்எஸ்கான்ஃபிக் என்று தட்டினால் வரும் சாளரத்தில் சர்வீசஸ் பக்கத்துக்குப் போய், மைக்ரோசாஃப்டின் சேவைகளை மறைக்கும் கட்டத்தில் முதலில் குறியிட்டுவிட்டு (இது முக்கியம், மறந்தால் வேறு வம்பு வரும்) மீதியை எண்ணினோம். முப்பது சொச்சம் இருந்தது. ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் ஒரு மாதம் ஆகும். பேரேட்டில் கூட்டல் இடிக்கும்போது நாம் என்ன செய்வோம்? பாதிப் பக்கத்தைக் கூட்டிப் பார்ப்போம். சரியாக இருந்தால் பிழை மறுபாதியில். அதே கணக்கு. பாதியை நிறுத்து, உறைவு நின்றால் நிறுத்திய பாதியில் குற்றவாளி, நிற்காவிட்டால் மறுபாதியில். முப்பத்திரண்டு பேரில் ஒருவனைப் பிடிக்க ஐந்து சுற்று போதும். ஐந்தாம் சுற்றில், சந்தா முடிந்து இரண்டு வருஷமாகியும் உள்ளே குடியிருந்த ஒரு பழைய வைரஸ் தடுப்பு நிரல் அகப்பட்டது. அதை நீக்கியதும் உறைவு நின்றது. விண்டோசின் சொந்தக் காவல் நிரல் தானே பொறுப்பேற்றுக்கொண்டது.

இப்படி வேலை செய்யும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, தேதி நேரத்தோடு நோட்டில் எழுதிக்கொள்வது என் பழக்கம். நான்கு மருந்தை ஒன்றாகக் கொடுத்து ஜுரம் விட்டால், விட்டது எதனால் என்று தெரியாது. அடுத்த ஜுரத்துக்கு மறுபடி நான்கும் வேண்டும்.

காக்கையே பழத்தைத் தள்ளிய வழக்குகளும் உண்டு. விண்டோசுக்கு வக்காலத்து வாங்குவது என் நோக்கமன்று. 2016 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 10 ஆண்டுவிழாப் பதிப்பில், இயங்குதளம் எஸ்எஸ்டியிலும் மற்ற நிரல்கள் வேறு வட்டிலும் இருந்த சில கணினிகள் உறைந்தன. மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்டு அந்த மாதக் கடைசியில் திருத்தம் தந்தது. 2018 ஏப்ரல் பதிப்பில் குரோம் உலாவியைத் திறந்தாலே சில இயந்திரங்கள் நின்றன. அப்போது அவர்கள் சொன்ன உபாயம் இன்றும் உதவும்: விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்தினால் திரையின் இயக்கி மட்டும் மறுபடி தொடங்கும். அதனால் உறைவு விலகினால் கோளாறு கிராஃபிக்ஸ் இயக்கியில். கணினி செய்தவரின் தளத்திலிருந்து அதைப் புதிதாக எடுத்துப் போட வேண்டும். ஏஎம்டி சில்லு உள்ள சில கணினிகளில் ஒன்றிரண்டு விநாடி திக்கித் திக்கி, ஒலியும் விக்கும். டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதி மதர்போர்டின் நினைவுச் சில்லோடு பேசும் நேரத்தில் அது நிகழ்கிறது என்று 2022-இல் அந்நிறுவனமே அறிவித்தது. பயாஸ் புதுப்பித்தால் சரியாகிவிடும். 2024 அக்டோபரில் வந்த 24எச்2 பதிப்பில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் சில எஸ்எஸ்டிகள் தகராறு செய்து நீலத்திரை காட்டின; வட்டின் உள்நிரலைப் புதுப்பித்ததும் தீர்ந்தது. இந்த எல்லா வழக்குகளிலும் கணினி ஒருவரிடம் கேட்டது, அவர் பதில் தரவில்லை, அவ்வளவே.

இன்னும் இரண்டு சிறிய செய்திகள். நான்கு ஜிபி ரேமில் விண்டோஸ் 11 நிறுவிக்கொள்ளும், வாழ்க்கை நடத்தாது. அதை உறைவு என்று எண்ணி மருந்து தேட வேண்டாம், ரேமைக் கூட்டுங்கள். மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இல்லாத பழைய இயந்திரத்தில் குறுக்குவழியில் விண்டோஸ் 11-ஐ ஏற்றியவர்கள், அதன் உதிரிகளுக்கு இயக்கி செய்தவர்கள் கடையைக் கட்டிவிட்டார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, வேறு வழியில்லாமல் ஃபார்மேட் செய்தே ஆகவேண்டும் என்ற நிலைக்கு வந்தவர்களுக்கு, தமிழில் தட்டச்சு செய்பவர்கள் என்ற முறையில் ஒன்று. யூனிகோடு பரவுவதற்கு முன், 1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் நாம் தட்டச்சு செய்தவை பெரும்பாலும் டாப், டாம், டிஸ்கி போன்ற முறைகளிலோ, ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனியான எழுத்துருக்களிலோ இருக்கின்றன. சங்கத்தின் பழைய மலர்க் கட்டுரைகள், வீட்டு வம்சாவளிகள், கவிதைகள் எல்லாம் அப்படித்தான். ஃபார்மேட் செய்யும் தம்பி கோப்புகளை நகல் எடுத்துத் தருவார்; எழுத்துருவை எடுக்கமாட்டார். பிறகு திறந்தால் புள்ளியும் கொம்புமாக ஏதோ தெரியும். ‘ஃபைல் கெட்டுப்போச்சு’ என்று அழித்துவிடுகிறார்கள். அது கெடவில்லை. எழுத்துரு இருந்தால் அப்படியே திரும்ப வரும், பிறகு மாற்றி நிரல் கொண்டு யூனிகோடாக்கிக்கொள்ளலாம். ஆகவே நகல் எடுக்கும்போது சி வட்டில் விண்டோஸ் அடைவுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் அடைவைத் திறந்து, தமிழ் எழுத்துருக்களையும் பழைய தட்டச்சு மென்பொருளின் நிறுவல் கோப்பையும் அதே வெளி வட்டில் போட்டுவிடுங்கள். ஓர் எழுத்துரு சில பத்து கேபிதான் இருக்கும்; எல்லாம் சேர்த்தாலும் ஒரு புகைப்படம் பிடிக்கும் இடம்.